வாத்துப் படம் போட்ட பச்சை சாக்ஸ்

எங்கள் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் குதிகால் வெடிக்காத பெண்ணைப் பார்ப்பது அரிது. மார்கழியில் காலையில் தோட்டத்துக்குப் போனால் பூண்டுத் தாள் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அதில் நின்று களை எடுத்துவிட்டு மத்தியானம் வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்தால் கால் என்னத்துக்கு ஆகும். நானும் எத்தனையோ வருஷம் அதைக் கண்டுகொண்டதில்லை.

போன தைப்பூசத்துக்குத்தான் கவலை வந்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனால் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தேன். அவர் செய்து கொடுத்துவிட்டார். பேரன் பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இனி என் பங்குதான் பாக்கி.

மாலை போட்டால் செருப்பு கிடையாது. போட்ட மூன்றாம் நாளே வலது குதிகாலில் ஒரு வெடிப்பு, அரிசி மணி உள்ளே போகும் ஆழத்துக்கு. காலை ஊன்றினால் உச்சி வரைக்கும் சுர்ரென்றது. எங்கள் பாதயாத்திரைக் குழு கிளம்பப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் காது வலி, சளி, வாயு எல்லாவற்றுக்கும் பூண்டுதான். விரதத்தில் பூண்டு தின்பதில்லை. ஆனால் வாய்க்குத்தானே விலக்கு, காலுக்கு இல்லையே என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து, நாலு பல்லை நசுக்கி வெடிப்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது. மருந்து பிடிக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சமையலை முடித்தேன். மத்தியானம் கட்டை அவிழ்த்தால், குதிகாலைச் சுற்றிக் கோலிக்குண்டு மாதிரி கொப்புளம்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெடிப்பக் காணோம். கொப்புளம் மறைச்சிருச்சு."

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி நாயுடுபுரத்தில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த நர்ஸம்மா என் காலைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"என்னக்கா இது, ரசத்துக்குத் தாளிச்ச மாதிரி வாசம் வருது?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சர்க்கரை பார்த்தார், இல்லை. புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, "பச்சப் பூண்டு தோலச் சுட்டுரும்க்கா. கொப்புளத்தக் குத்தாதீங்க. ஆறுன பெறகு டெய்லி வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிசம் கால வைங்க. காஞ்ச பீர்க்கங்கூட்டால மெதுவாத் தேய்ங்க, பிளேடு கிட்டயே போகக் கூடாது. வெரல் இடுக்கெல்லாம் ஈரமில்லாமத் துடச்சு, வாஸ்லின் தடவி, காட்டன் சாக்ஸ் போட்டுக்கங்க" என்றார்.

"பூசத்துக்குள்ள ஆறிருமா?"

"நீங்க வேற வைத்தியம் எதுவும் பண்ணலேன்னா ஆறிரும்."

சாக்ஸ் என்றதும் எனக்குப் புதுக் கவலை. அதுவும் செருப்பு மாதிரிதானே, விரதத்துக்குக் குற்றம் வந்துவிட்டால்? ஊருக்கு வந்ததும் எங்கள் குழுவின் குருசாமியிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "துணிதானம்மா, வீட்டுக்குள்ள போட்டுக்கங்க. ரோட்டுல வேணாம். முடிஞ்சா பச்சக் கலரா வாங்கிக்கங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அதற்காகவே கொடைக்கானலுக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை கடையாக ஏறி, பச்சை சாக்ஸ் வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் மஞ்சள் வாத்துப் படம்.

"இது சின்னப் பிள்ளைக போடுறதுங்க."

"பச்சையா இருக்கா இல்லையா?"

ஐந்தாறு நாளில் கொப்புளம் வற்றியது. ஆனால் பேசினில் காலை வைத்துக்கொண்டு குனிந்து தேய்க்க என் இடுப்பு விடவில்லை. இவர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை என் காலைத் தொட விட்டதில்லை.

"பாவம்ங்க, விடுங்க."

"மாலை போட்டவுக சாமி. ஊரே உன் கால்ல விழுந்து கும்புடுது, நான் கழுவுனா ஆகாதா? சாமி, கால நீட்டுங்க."

சாமி என்று கூப்பிட்டால் மறுத்துப் பேச முடியுமா. நீட்டினேன். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார், பீர்க்கங்கூட்டால் தேய்ப்பார், விரல் ஒவ்வொன்றாகத் துடைத்து, வாஸ்லின் தடவி, வாத்து சாக்ஸை மாட்டிவிடுவார். கேரட் கழுவிப் பழகின கை, கொஞ்சம் அழுத்தம்தான். நான் கந்த சஷ்டி கவசத்தை மனதில் சொல்லியபடி கண்ணை மூடிக்கொள்வேன். சில நாள் சிரிப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நானும் மாலை போட்டாத்தான் எங்க வீட்டுல இந்தப் பூசை கெடைக்கும் போலருக்கே" என்று சொல்லிப் போனாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் வெடிப்பு ஒரு கோடாக மட்டும் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. விளக்கேற்றி விழுந்து கும்பிட்டேன்.

இரண்டு நாள் நடை. மலைப்பாதை வளைவுகளில் இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் குதிகாலில்தான் விழுந்தது. பாதி இறக்கத்தில் பழைய இடத்தில் லேசாகச் சுர்ரென்றதும் பயந்து உட்கார்ந்து பார்த்தேன். பிளக்கவில்லை. வாஸ்லினைத் தடவி, கொஞ்சம் ஆற விட்டு, அரோகரா சொல்லி எழுந்தேன். பழனி அடிவாரத்தில் இவர் எனக்கு முன்பே பஸ்ஸில் வந்து, பேசினும் பிளாஸ்கில் வெந்நீருமாக நின்றிருந்தார். கூட்டத்துக்கு நடுவில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கழுவிக்கொண்டுதான் படியேறினேன். சன்னிதியில் கேட்க எதுவும் தோன்றவில்லை. "வந்துட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னேன்.

ஊருக்கு வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், இவர் வாசலில் உட்கார்ந்து தன் குதிகாலை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னுடையதைவிட மோசம். இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை. வெந்நீர் வைத்துப் பேசினைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"நான்தான் மாலை போடலையே" என்றார்.

"பரவாயில்ல, நீட்டுங்க."

துடைத்து முடித்து அந்தப் பச்சை சாக்ஸையே மாட்டிவிட்டேன். பாதி வரைக்கும்தான் ஏறியது.