கோதுமை மா வரிசையில் ஒரு பெண்

மாவுக்குத் தட்டுப்பாடு வந்த வருடம், மலையகத்தில் திம்புள்ளப் பக்கத்துக் கடையொன்றில் எனக்கு முன்னால் நின்றாள் அவள். இருபது வயதிருக்கும். சிவப்புக் கம்பளிக் குல்லா போட்டிருந்தாள். எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒருமுறை சிரித்துக்கொள்வாள்.

வரிசையிலிருந்த ஒரு முதியவரைத் தள்ளிவிட்டு, பொலிஸ்காரர் ஒருவர் பிரம்பை ஓங்கினார். அவள் குறுக்கே போய் நின்றாள். சிரித்தாள். சிங்களத்தில் பொலிஸ்காரருடைய இலக்கத்தைக் கேட்டு, பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதத் தொடங்கினாள்.

"சத்தமா சொல்லுங்க சேர்!" என்றது வரிசை முழுவதும்.

பிரம்பு இறங்கியது. பொலிஸ்காரர் தெருவைக் கடந்து போய்விட்டார்.

"பயமா இல்லையா தங்கச்சி?" என்றேன்.

"ஐயோ, கை நடுங்குதுங்க. பாருங்க, ஒரு எழுத்தும் வெளங்கல!" என்று சிரித்தாள்.

அன்று எல்லோருக்கும் மா கிடைத்தது. அத்தனை பயத்தோடு எப்படி முன்னால் போனாள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.