முத்துமீனா வீட்டுக் கரண்டு

வாடிப்பட்டியில் முத்துமீனாவிடம் போய், "உங்க வீட்டுல கரண்டு சரியில்லையாமே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு உங்களுக்குக் காப்பி கிடையாது. அந்தக் கரண்டை வைத்துத்தான் அவள் ஒரு பெரிய கம்பெனியையே மடக்கினாள் என்பது தெருவுக்கே தெரியும்.

கருப்பு, மலையம்மாள் தம்பதியின் ஒரே மகள் அவள். இரண்டு பேரும் சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளப் போனவர்கள். மகள் மதுரையில் கம்ப்யூட்டர் படித்து, பெங்களூரில் ஐந்து வருடம் வேலை பார்த்தாள். வாடிப்பட்டி அரசுப் பள்ளி வாத்தியார் சிவபாண்டியைக் கட்டிக்கொண்ட பிறகு, அதே வேலையை வீட்டு மாடியில் இருந்தே பார்க்கிறாள். சாப்ட்வேரில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடுகிற வேலை. அதில் அவள் பொல்லாதவள்.

கம்பெனி செய்வது, கம்ப்யூட்டரில் இருப்பதைப் பத்திரமாக நகல் எடுத்து வைக்கும் சாப்ட்வேர். எந்த டிஸ்க் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று அது ஒருமுறை பார்த்து, ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் டிஸ்க்கைக் கேட்பதில்லை, பட்டியலைப் பார்த்தே வேலையை முடித்துவிடும். எல்லாம் வேகத்துக்காகத்தான். டிஸ்க் இடம் மாறினால் பட்டியலும் உடனே மாற வேண்டும்.

முத்துமீனா மேசையில் மாறவில்லை. நேராகக் கரண்டில் மாட்டிய ஒரு பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள் வைத்திருந்தாள்; லேப்டாப்பும் இன்டர்நெட்டும் பேட்டரியில் ஓடின. இரண்டாவதை அழி என்று சொன்னால், சாப்ட்வேர் முதலாவதைத் துடைத்துப் போட்டது. யாரோ ஒருவருடைய கல்யாணப் போட்டோவும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இப்படிப் போனால் என்ன ஆகும்? உடனே கம்பெனிக்கு எழுதி அனுப்பினாள். எங்கள் லேபில் அப்படி எதுவும் நடக்கவில்லை, உங்கள் ஊர்க் கரண்டுதான் கோளாறு என்று பதில் வந்தது. மூன்று தடவை எழுதினாள், மூன்று தடவையும் அதே பதில். நான்காவதாக வந்த மெயிலில், ஒன்றாம் தேதி நல்ல கரண்டு இருக்கிற பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும், முடியாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று இருந்தது.

வேலையை விட அவளுக்கு மனசில்லை. நாலு வயது மகள் அஸ்வினியை விட்டுப் போகவும் மனசில்லை. சிவபாண்டிக்கோ அரசு வேலை, ஊரை விட்டு நகர முடியாது. "போயிட்டு வா மீனா, நாங்க இருந்துக்கிருவோம்" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான்.

அந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்தச் சாப்ட்வேரின் புதுப் பதிப்பு எல்லாருக்கும் போவதாக இருந்தது. மூன்று மணிக்கு டீம் லீடர் செல்வக்குமாரை வீடியோ காலில் பிடித்து உட்கார வைத்தாள். பெட்டியின் வயரைப் பிடுங்கி மாட்டிக் காட்டினாள். பட்டியல் சமர்த்தாக மாறிக்கொண்டது.

"சரியாத்தானே இருக்கு, மீனா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயரைப் பிடுங்கினால் சாப்ட்வேர் சுதாரித்துக்கொள்கிறது. கரண்டு கண் சிமிட்டினால்தான் இரண்டு டிஸ்க்கும் ஒரு நொடி அணைந்து விழுந்து, சாப்ட்வேர் திரும்பிப் பார்ப்பதற்குள் இடம் மாறி எழுந்து நிற்கின்றன. தினமும் பத்துத் தடவை சிமிட்டுகிற கரண்டு அன்றைக்கென்று நிலையாக நின்றது.

அப்போது டியூப்லைட் லேசாக மங்கியது. பக்கத்து வீட்டுச் சோணையின் மிளகாய் மில் மோட்டார்! வெறுங்காலோடு இறங்கி ஓடினாள்.

"அண்ணே, மோட்டாரு!"

"நிப்பாட்டிட்டேன் ஆத்தா, நிப்பாட்டிட்டேன். அதுக்கு ஏன் இப்புடி ஓடியார?"

"நிப்பாட்டாதீங்கண்ணே! நான் சன்னல்ல கையைக் காட்டுறப்பப் போடணும்."

"ஒரு வருசமா போடாதன்னு சண்டை. இன்னைக்குப் போடுன்னு சண்டையா?"

மிளகாய்ப் பையோடு வரிசையில் நின்ற இருளாயி முன்னால் வந்தாள். "நீ மேல போத்தா. நான் தெருவுல நின்டு பாத்துச் சொல்றேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முதல் தடவை விளக்கு மங்கியதோடு சரி. இரண்டாம் தடவை ஒரு டிஸ்க் மட்டும் விழுந்தது. மணி மூன்றே முக்கால். செல்வக்குமார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?" கீழே இருந்து சோணை கத்தினார். "மாவு மோட்டாரையும் சேத்துப் போடவா?"

"போடுங்கண்ணே!"

டியூப்லைட் அணைந்து எரிந்தது. பெட்டி 'டக்' என்றது. இரண்டு டிஸ்க்கும் விழுந்து, இடம் மாறி எழுந்தன. திரையில் பட்டியல் மட்டும் பழையபடியே நின்றது. முத்துமீனா இரண்டாவதை அழி என்று கொடுத்தாள். முதல் டிஸ்க்கின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

செல்வக்குமார் நாற்காலியில் நிமிர்ந்தார். "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவையும் அதேதான்.

"யாராவது உடனே ரிலீஸை நிறுத்துங்க!" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தியது மில் வரைக்கும் கேட்டிருக்கும். கீழே இருளாயி, எதற்கென்று தெரியாமலே கை தட்டினாள்.

"பட்டியலை நம்பி அழிக்கக் கூடாது சார்" என்றாள் முத்துமீனா. "அழிக்கிறதுக்கு முன்னாடி, நீ யாருன்னு டிஸ்க்கையே ஒரு தடவை கேட்டுட்டு, பட்டியலைத் திருத்திக்கணும்." பிறகு கேட்டாள். "ஒண்ணாம் தேதி நான் அங்க வரணுமா சார்?"

"எங்க லேப்ல கரண்டு அசையவே அசையாது. இதை நாங்க இங்க எந்தக் காலத்துல கண்டுபிடிச்சிருப்போம்? நீங்க அங்கேயே இருங்க, மீனா. அந்த மெயிலை நான் பார்த்துக்கிறேன்."

நன்றி சொன்னாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரை பொறுக்க மாட்டாமல் சிவபாண்டிக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நான் போகலங்க. இங்கேயேதான்!"

"ரெண்டு வாரமா ஒனக்குத் தெரியாம பாப்பாவுக்குச் சடை போட்டுப் பழகிட்டு இருந்தேன்" என்றான் சிவபாண்டி. "எம்புட்டுப் பாத்தும் கோணலாத்தான் வருது மீனா."