கேன்சல் போட்ட தேதி

அனுசுயா அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் அழுது முடித்திருந்தார். போன தை மாதம், நீடாமங்கலத்தில் சித்தீக் பாயின் அறுவடை மெஷின் வாடகை ஆபீஸ். யாருக்கு எந்தத் தேதியில் மெஷின் என்று கம்ப்யூட்டரில் பதிவது அக்காவின் வேலை. கம்ப்யூட்டர் தானாகவே தேதியை மாற்றுகிறது என்று அந்தப் புரோகிராமைச் செய்துகொடுத்த எங்கள் தஞ்சாவூர் கம்பெனிக்குப் போன் வந்தது, என்னை அனுப்பினார்கள். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கம்பெனி அட்டையைச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் நுழைந்தேன்.

"தானா மாத்துச்சாம் தம்பி. பேய் வந்து மாத்திருச்சோ என்னவோ" என்றார் பாய்.

"நான் கேன்சல்தான் போட்டேன் பாய்" என்றார் அக்கா.

நடந்தது இதுதான். ஈர வயலிலும் இறங்கி அறுக்கும் பெல்ட் மெஷின் பாயிடம் ஒன்றே ஒன்றுதான். அன்று அது எல்லையம்மாளின் வயலுக்குப் போக வேண்டும். அந்த அம்மாளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் சம்பா, காற்றில் சாய்ந்து கிடந்தது. மழை வரும் என்று செய்தி. ஆனால் திரையில் எல்லையம்மாளுக்குச் சனிக்கிழமை என்று இருந்தது. அன்றைய நாள் காலியாகத் தெரிந்ததால், பாயே ஜெயபால் என்பவரைக் கூப்பிட்டு மெஷினைக் குடவாசல் பக்கம் அனுப்பிவிட்டார். ஜெயபால் அக்காவின் ஊர்க்காரர். போன வாரம்தான் முன்கூட்டி மெஷின் கேட்டு அக்காவுக்குப் போன் செய்திருந்தார்.

"ஊர்ப்பாசம்னு ஊரே பேசும்" என்றார் பாய்.

அக்காவின் போன் அடித்தது. எல்லையம்மாள். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது. "ஏம்மா, வரப்புல நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. என் முறைய யாருக்கு எடுத்துக் குடுத்த? வடக்கால மூட்டமாப் போடுது. தண்ணி நின்னா நெல்லு அங்கயே மொளைச்சிரும்டி!"

"வருது அத்தை, வருது" என்றார் அக்கா. மெஷின் எங்கே இருக்கிறது என்று சொல்லாமலே போனை வைத்தார்.

"ஜெயபால் கேட்டப்ப என்ன செஞ்சீங்கக்கா?" என்றேன்.

"எல்லையம்மாள சனிக்கிழமைக்குத் தள்ளுனா எடம் கெடைக்குதான்னு போட்டுப் பார்த்தேன். சாஞ்ச கதிரு, அதுவரைக்கும் தாங்காது. கேன்சல் போட்டுட்டு, எடமில்லன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். எப்பவும் அப்படித்தான் பார்ப்பேன்."

எனக்கு எங்கள் புரோகிராம் மேலேயே சந்தேகம் வந்தது. வேறொரு பதிவில் தேதியை மாற்றி, கேன்சலை அழுத்தினேன். திரையில் அந்த ஜன்னல் மூடியது. இன்னொருவர் பதிவைத் திறந்து, ஒன்றும் மாற்றாமல் சேவ் கொடுத்தேன். முதல் பதிவைத் திரும்பத் திறந்தேன். மாற்றிய தேதி அப்படியே இருந்தது.

"பாய், அக்கா மேல தப்பில்ல. கேன்சல்னா திருத்தினதத் தூக்கிப் போடணும். இந்தப் புரோகிராம் ஜன்னல மட்டும் மூடுது. திருத்தினது உள்ளயே கெடக்கு. அடுத்து யாரு பதிவ சேவ் பண்ணாலும் அதோட சேர்ந்து இதுவும் போய் உக்காந்துக்குது."

பாய் என்னிடமிருந்து மவுஸை வாங்கி, தானே ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு மெஷினை ஏற்றிப் போன லாரி டிரைவருக்குப் போன் போட்டு, எல்லையம்மாள் வயலுக்குத் திருப்பச் சொன்னார்.

டிரைவரின் போனை வாங்கிய ஜெயபால் லேசில் விடவில்லை. "பாதி வயல்ல நிக்கிது மெஷினு, இப்ப ஏத்துன்னா என்னய்யா அர்த்தம்?" அக்கா போனை வாங்கினார். "அண்ணே, உங்க கதிரு நிக்குது. அவங்களுது படுத்துக் கெடக்கு. மீதிய நாளைக்கு முதல் ஆளா அறுத்துத் தர்றேன்." "ஏத்திட்டுப் போகச் சொல்லு" என்றார் ஜெயபால் கடைசியில்.

இனி மற்ற தேதிகள். யார் யாருக்கு இப்படிப் போட்டுப் பார்த்தார் என்று அக்காவுக்கே நினைவில்லை. "போன் போட்டுக் கேப்பமா?" என்றேன். "கேட்டா ஊரு பூரா என் முறை நாளைக்குத்தான்னு சொல்லும்" என்றார் பாய். போன வாரத்து பேக்கப்பை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். நிஜமாக மாற்றியது எது, கேன்சல் போட்டது எது என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் கண் வாசலுக்கு, வானத்துக்குப் போய் வந்தது. நான் கேன்சல் பட்டனைச் சரிசெய்து, பத்துப் பதிவுகளில் சோதித்தேன்.

சாயங்காலம் மழை பிடித்தபோது எல்லையம்மாளின் வயலில் மெஷின் இரண்டு மா அறுத்திருந்தது. மூன்றாவது மா தண்ணீரில் கிடந்து முளைத்துப் போனது.

இந்த வருஷம் எல்லையம்மாள் வேறு ஆளிடம் மெஷின் சொல்லியிருக்கிறார். அனுசுயா அக்கா சித்தீக் பாயிடமே வேலை பார்க்கிறார். அறுப்புக் காலத்தில் காலை ஏழு மணிக்கே ஆபீஸைத் திறந்து, அன்றைய தேதிகளை ஒருமுறை சரிபார்த்துவிடுகிறார்.