சாமியானாக்காரருக்கு எதிராக நான் பேசியது

மாவட்டத்துச் சிக்கன நாணயச் சங்கங்களின் வரவுசெலவைக் கண்காணிக்க ஒரு குழு உண்டு. அதற்குத் தலைவராக, நாகலாபுரம் பக்கத்தில் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவரை ஆளுங்கட்சி முன்மொழிந்தது. கட்சிக் கூட்டங்களுக்கெல்லாம் பந்தல் போட்டவர் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. திருப்பதியில் எங்கள் அலுவலகச் சிக்கன நாணயச் சங்கத்துக்கு நான் செயலாளர். சித்தூரில் நடக்கும் கூட்டத்தில் எழுந்து எதிர்ப்பது என்று முடிவு செய்தோம். யார் எழுந்திருப்பது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, அந்த மனிதரே அலிபிரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மிரட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். மனைவி அவரை உட்காரச் சொல்லி, காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீங்கதான் அப்யந்தரம் சொல்லப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்" என்றார். ஆட்சேபம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் தெலுங்குச் சொல்தான் வழக்கம்.

"கொஞ்சம் பலமா சொல்லுங்க. எனக்கு இந்தப் பதவி வேணாம். கணக்குன்னாலே தல சுத்துது. நானே வேணாம்னு சொன்னா கட்சித் தலைவரு கோச்சிக்குவாரு. அப்பறம் பந்தல் ஆர்டர் எவன் குடுப்பான்?"

எதைச் சொன்னால் எடுபடும் என்பதையும் அவரே சொல்லித்தந்தார். ரசீது எழுதும் பழக்கம் கிடையாதாம். வங்கி வேலையெல்லாம் அவர் மனைவிதானாம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை நிறுத்திவிட்டாராம். இதையெல்லாம் சபையில் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன்.

"சும்மா சொல்லுங்க சார். நான் இன்னா கோச்சிக்கினு இருக்கப்போறேனா?" என்று காபியை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் சித்தூரில், கட்சித் தலைவருக்குப் பக்கத்தில் பொன்னாடை போர்த்தி அவரை உட்கார வைத்திருந்தார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. "மிகவும் நல்ல மனிதர், உழைப்பாளி" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. சுதாரித்துக்கொண்டு ரசீதையும் வங்கியையும் சொல்லி முடித்து, அப்பாடா என்று உட்காரப்போனேன்.

"பத்தாங்கிளாஸ விட்டுட்டீங்களே சார்" என்றார் மேடையிலிருந்து.

கூடமே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, இந்த விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். சில மாதங்கள் கழித்து, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரை அந்தப் பதவியில் போட்டார்கள்.

சாமியானாக்காரர் மேல் கட்சித் தலைவருக்கு இருந்த கோபம் அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அவரை விட்டால் அத்தனை நாற்காலிக்கு எங்கே போவது? நான்தான் அலுவலகத்தில் ஆளுங்கட்சியையே எதிர்த்து நின்றவன் ஆகிவிட்டேன். அப்படிச் சொன்னவர்களிடம் நான் எதையும் மறுக்கவில்லை. வீட்டுக்கே வந்து பாராட்டியவர்களிடம் என் மனைவி, "ஆமாம், ரொம்ப தைரியம்" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.