அப்பா சொல்லாத அடடே

நாடகத்தில் ராஜா வியந்தால் "ஆ!" என்பார். தொடர்கதையில் கதாநாயகி "என்னே!" என்பாள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் யாரும் அப்படி வியந்து நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் புழங்கியது "அடடே". எதிர்பாராத ஆள் வாசலில் வந்து நிற்கும்போது எழுத்தாளர்கள் அதை எழுதி, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியையும் நட்டுவைப்பார்கள். நாங்கள் அதைச் சொன்னது பெரும்பாலும் வருவார் என்று தெரிந்த ஆளிடம்தான். தெருமுனையிலேயே பார்த்து, பாயை உதறிப் போட்டு, கொடியில் கிடந்த துணியை அள்ளி உள்ளே எறிந்துவிட்டு, அதன் பிறகு கதவைத் திறந்து, "அடடே, வாங்க வாங்க!"

வியப்பு நான்கு காரணங்களால் பிறக்கும் என்று பள்ளியில் படித்தேன்: புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று இன்னொன்றாக மாறுவது. சொன்ன நேரத்துக்கு வரும் விருந்தாளி இந்த நான்கில் எதிலும் சேரமாட்டார். ஆனாலும் அவருக்குத்தான் அடடே.

அதன் உண்மையான பயன் பெண் பார்க்க வரும்போது தெரியும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை பெண் பார்க்க வருவதில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் சும்மா எட்டிப் பார்ப்பார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை, எத்தனை மணிக்குச் சும்மா எட்டிப் பார்ப்பது என்பது முன்பே பேசி முடிவாகியிருக்கும். பெண் வீட்டார் அடடே சொல்ல வேண்டும். காலையிலிருந்து கிளறிய கேசரியை, "வீட்ல இருந்திச்சி" என்று வைக்க வேண்டும். பெண்ணைப் பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. வழியில் போனவர்கள் வந்தார்கள், போனார்கள். இதைவிடக் கச்சிதமான நடைமுறையை என் பணிக்காலம் முழுவதும் நான் எந்த அலுவலகத்திலும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் அது பிடிபடவில்லை. அவர் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தார். ஊரில் அந்த அலுவலகத்தை மேரி என்போம். அவருடைய மரியாதை பிரெஞ்சுத் துரைமாரிடம் கற்றது. குறித்த நேரத்துக்கு வருகிறவர் கனவான். வந்தவுடன் அதைச் சொல்லிப் பாராட்டுவது அவருக்குச் செய்யும் கௌரவம். நேரம் குறித்துச் சந்திப்பதை அவர் பிரெஞ்சில் ராந்தேவு என்பார். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறு ஆண்டு அது. துரைமார் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பிரெஞ்சைக் கேட்க மேரியில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. ராந்தேவு மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது.

அந்த ஆண்டுதான் அக்காவுக்கு அரியாங்குப்பத்து இடம் வந்தது. பையன் மில்லில் குமாஸ்தா. தேர்த்திருவிழாவில் அக்கா அவரைத் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்திருந்தாள். எதையும் வாய்விட்டுச் சொல்கிறவள் அல்ல அவள். அந்த வாரம் முழுக்க, தான் பூவேலை செய்த தலையணை உறைகளைத் துவைப்பதும் காயவைப்பதுமாக இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இடத்தைக் கொண்டுவந்த பெரியம்மா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, முந்தின நாளே வந்து அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தோ பாருங்க, கதவ என் தங்கச்சி தொறப்பா. அடடேன்னு அவ சொல்லுவா. நீங்க உள்ள பேப்பர் படிச்சிக்கினு இருங்க, போதும்."

"வராங்கன்னு தெரியும். தெரிஞ்சிக்கினே இன்னா அடடே?"

"தெரிஞ்சாதாங்க அடடே. தெரியாதவங்க வந்தா யாரு வேணும்னுதான கேப்போம்?"

அப்பா தலையாட்டினார்.

ஞாயிறன்று அம்மா கடைசி ஈடு வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயில் போட்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா கரண்டியை வைப்பதற்குள் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

"நாலு மணின்னீங்க, டாண்ணு நாலு மணிக்கே வந்துட்டீங்க! ரொம்ப சந்தோஷம். பொண்ணு ரெடியாதான் இருக்கா."

குரல் எதிர்வீடு வரை போனது. பையனின் அம்மா தேங்காய்ப் பையோடு படியிலேயே நின்றுவிட்டார்.

"இல்லீங்க, நாங்க சும்மா... கோயிலுக்குப் போற வழியில..."

"கோயில் அஞ்சு மணிக்குத்தான தொறப்பாங்க? நெறைய நேரம் இருக்கு. உக்காருங்க."

அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "அடடே, வாங்க" என்றார். கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது. வந்தவர்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா காப்பி கொண்டுவந்தாள். பையன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அவ்வளவுதான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலில் நின்றபடியே, "இன்னா, பொண்ணு பாத்துட்டாங்களா? முடிஞ்சிதா?" என்று விசாரித்தாள்.

பெரியம்மா இரண்டு நாள் கழித்து வந்தார். அப்பாவின் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் சொன்னார்:

"'மேரி வரிசையில நின்னு வந்தவங்களா நாங்க'ன்னு கேக்குது அந்தம்மா. பையனுக்குப் புடிச்சிதான் இருந்திச்சி போல. அந்தம்மா வுடல."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்கா தலையணை உறைகளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

சும்மா எட்டிப் பார்த்தவர்கள் வேண்டாம் என்றால் அது நடக்காத காரியம். பெண் பார்த்தவர்கள் வேண்டாம் என்றால் அது நடந்த காரியம். அடுத்து வந்த ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி, "அரியாங்குப்பத்துக்காரங்க ஏன் வேணாம்னாங்க?" என்பதாக இருந்தது. அதற்கு உண்மையைப் பதிலாகச் சொன்னால் யாரும் நம்பவில்லை. பெண்ணுக்கு ஏதோ குறை, அதை மறைக்கக் கதை சொல்கிறார்கள் என்றார்கள்.

அப்பா ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஒரு புதுப் பழக்கம் அவரிடம் வந்தது. பால்காரர் வந்தால் அடடே. தபால்காரர் வந்தால் அடடே. தினமும் வருகிற கீரைக்காரம்மாவுக்கும் அடடே. அந்தம்மா முதலில் சிரித்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கீரையைக் கொடுத்தாள்.

அரியாங்குப்பத்தார் வந்துபோன ஏழாம் ஆண்டு, பிரெஞ்சுக்காரர் ஊரைக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தபோது, தட்டாஞ்சாவடியிலிருந்து அக்காவைப் பார்க்க ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர். இரண்டாம் தாரத்துக்கு எங்கள் பக்கத்தில் இந்த நாடகம் கிடையாது. அவர் வரும் நாளையும் நேரத்தையும் நேராகவே சொல்லியனுப்பியிருந்தார்.

அப்பா கோட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. மதியத்திலிருந்து கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டியதும் திறந்தார்.

"அடடே! வாங்க வாங்க! இன்னா இப்படி திடீர்னு இந்தப் பக்கம்?"

நன்றாகவே சொன்னார். மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். வந்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னைக்கி வரேன்னு சொல்லியனுப்பினேனே... சொல்லலீங்களா? இஷ்டமில்லன்னா பரவால்லீங்க. நான் போறேன்."

வந்தவர் ஒரு படி இறங்கிவிட்டார். அப்போது அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டி வாசலில் நின்றாள்.

"சொன்னாங்க. உள்ள வாங்க."

தன் கணவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. பெட்டியின் அடியிலிருந்த உறைகளை அவள் எடுத்துப் போகவில்லை.

அப்பா அன்று வெகுநேரம் கதவைப் பிடித்தபடி நின்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. தபால்காரருக்கும் கிடைக்கவில்லை.