ஸ்கேலுக்கு அடியில் இருந்த பெயர்

என் அக்கா புருஷனை 'ஸ்கேல் ஐயா' என்று சொன்னால்தான் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர்கள் அவருடைய அரசியலுக்கு எதிர்ப்பக்கம். எனக்கு வலது, இடது என்கிற வித்தியாசமெல்லாம் செருப்போடு சரி. ஆனாலும் ஏழு வருஷமாகத் தினமும் காலை ஆறரை மணிக்கு அவர் முன்னால் கேமராவை நிறுத்தியவன் நான்தான். சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு முன்னால் அங்கே ஈ காக்கை வராது.

அத்தான் முப்பத்தொரு வருஷம் ஒரு நாளிதழில் புரூஃப் ரீடராக இருந்தவர். ஒரு மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போய்ப் பிழை பிடிப்பார். கட்டுரை கைக்கு வந்ததும் முதல் வேலையாக எழுதியவர் பெயரை அந்த ஸ்கேலால் மூடிவிடுவார். "பேரைப் பார்த்தா கை இளகிடும். இல்லேன்னா கை அழுத்திடும். ரெண்டும் தப்பு" என்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஸ்கேலோடுதான் யூடியூபுக்கு வந்தார்.

வீட்டின் பின்னறையில் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, எதிரொலிக்காமல் இருக்க ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிடுவோம். மேசையில் அன்றைய நாலு பத்திரிகைகள். நேரலை ஓடும் அரை மணி நேரமும் அக்கா சமையலறையில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டாள். அத்தான் ஒரு செய்தியை எடுத்து, பெயரின்மேல் ஸ்கேலை வைத்து, வரி வரியாக அலசுவார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேலை எடுத்து, "இப்ப எழுதினவர் யாருன்னு பார்க்கலாம்" என்று பெயரைப் படிப்பார். ஜனங்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

"தலைப்பு என்ன சொல்லுது? 'நகரமே கொந்தளித்தது.' படத்துல இருக்கிறது நாப்பத்திரெண்டு பேரு. எண்ணிட்டேன். அதுல ஆறு பேரு பஸ்ஸுக்கு நிக்கிறவங்க" என்று அவர் சொன்ன நாளில் நான் சிரித்த சிரிப்பில் கேமரா இடிபட்டுப் படமே ஆடிப்போயிற்று.

அவர் பழமைவாதிதான். அதை அவரே சொல்லிக்கொள்வார். குடும்பம், பள்ளிக்கூடம், காவல்துறை, பெரியவர்கள் எல்லாவற்றையும் பத்திரிகைகள் கேலிப்பொருளாக்குகின்றன என்பது அவருடைய தீராத வருத்தம். "மாத்துங்க, வேணாங்கல. மாத்துறதுக்கு முன்னாடி அது இத்தனை நாளா எதைத் தாங்கிட்டு நின்னுச்சுன்னு பாருங்க" என்பார். ஆனால் அவர் ஓட்டுப்போட்ட கட்சியின் அமைச்சர் ஒருவர் தப்புக் கணக்குச் சொன்னபோது அவரையும் விடவில்லை. அன்று ஒரே நாளில் ஆயிரம் பேர் கழன்றுகொண்டார்கள். கவலையே படாமல் இரண்டாவது முறை காபி கேட்டார் மனிதர்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். 'சந்தேகத்துக்கு இடமின்றி', 'உறுதியாக', 'சத்தியமாக' என்ற சொற்களைக் கண்டால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். "ஆதாரம் இருக்கிறவன் சத்தியம் பண்ண மாட்டான். கையில ஒண்ணும் இல்லாதவன்தான் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவான்." வீட்டிலும் அப்படியே. கல்யாணமான புதிதில் அக்கா, "என்மேல ஆசை இருக்கா?" என்று கேட்டாளாம். "இருக்கு" என்றாராம். சத்தியமா என்று கேட்டதற்கு, "இருக்குன்னுதான் சொன்னேனே" என்று திரும்பிப் படுத்துவிட்டாராம். அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

இந்த மனுஷருக்கு ஒரே மகள். அவள் போய் வேலைக்குச் சேர்ந்தது, அவர் வாரத்தில் நாலு நாள் திட்டுகிற பத்திரிகையில். நகராட்சிக் கூட்டம், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று உள்ளூர்ச் செய்திகள் எழுதுவாள். தனியாக ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவாள். அப்பாவும் மகளும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். அதில் இருவருக்கும் அப்படி ஒரு சுகம். தட்டு வைத்ததும் அரசியல் பேசக்கூடாது என்பது அக்காவின் சட்டம்.

"என் பேரு வந்தாலும் மூடுவீங்களாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உன் பேரைத்தான் முதல்ல மூடுவேன்" என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, பாழாய்ப்போனது.

போன வருஷம் அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. பள்ளி நூலகத்தில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று பெற்றோர் பார்க்கலாம். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைப்பதைத் தடுக்கலாம். அத்தான் அதற்கு முழு ஆதரவு. "பிள்ளை யாருது? பெத்தவங்களுதா, பத்திரிகை ஆசிரியருதா?" என்று தினமும் ஒரு பிடி பிடித்தார். மகளுடைய பத்திரிகை மசோதாவுக்கு எதிராக ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டது. அன்றைக்கு அத்தான் எடுத்தது அதைத்தான். மூலையில் இருந்த பெயரின்மேல் ஸ்கேல் உட்கார்ந்தது.

கட்டுரையில் ஒரு பத்தி. ஒரு கண்டிப்பான அப்பா, அலுவலகக் கணக்கர். பதினேழு வயது மகன் நூலகத்திலிருந்து ஒரு நாவல் கொண்டுவருகிறான். வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண்ணின் கதை. "இந்த வீட்ல இது வேண்டாம், நானே திருப்பிக் கொடுத்துடறேன்" என்று அப்பா அதை வாங்கிக்கொள்கிறார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. கூடத்து மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கப் போகிறார். நாலு சாயங்காலம் அப்படியே போகிறார். நாலு சாயங்காலத்தில் மகன் நாவலைப் படித்து முடிக்கிறான். ஐந்தாம் நாள் அப்பா அதை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். 'என் அப்பா வாயால் தடுத்தார், காலால் அனுமதித்தார்' என்று மகன் சொல்வதாக அந்தப் பத்தி முடிகிறது. கீழே பொடி எழுத்தில், 'அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.'

அத்தானுக்கு அல்வா கிடைத்த மாதிரி.

"பேரில்லாத அப்பா, பேரில்லாத மகன். எந்த ஊரு, எந்தத் தெரு, ஒண்ணும் கிடையாது. கண்டிப்பான அப்பாக்கள் எல்லாம் உள்ளுக்குள்ள இவங்க கட்சிதான்னு காட்டுறதுக்காக உக்காந்து எழுதின கதை இது. வேண்டாம்னு சொன்ன புத்தகத்தை எடுத்து மகன் கைக்கு எட்டற மாதிரி வெச்சுட்டுப் போற அப்பா எங்கயாவது இருக்கானா? இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கணும்" என்றார். நன்றாகத்தான் பேசினார். நானே தலையாட்டினேன். பிறகு ஸ்கேலை எடுத்தார்.

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கேமரா வழியாக நானும் பார்த்துவிட்டேன். அது அவர் மகளுடைய பெயர். அவர் கண் ஒருமுறை என்னிடம் வந்து திரும்பியது. நான் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். கை வரவில்லை. அவர் எல்லாப் பெயரையும் படிப்பது போலவே அந்தப் பெயரையும் தெளிவாகப் படித்தார். என் மகள் என்று சொல்லவில்லை. பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ஏன் அத்தான் படிச்சீங்க?" என்று கத்தினேன்.

"ஊரார் பிள்ளைக்கு ஒரு சட்டம், என் பிள்ளைக்கு ஒரு சட்டமாடா?" என்றார்.

மத்தியானத்துக்குள் பத்திரிகை அலுவலகத்துக்கு நானூறு போன். அந்தக் கணக்கர் யார், மகன் யார், காட்டு என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ஆசிரியரும் அவளைக் கூப்பிட்டு அதையே கேட்டார். எனக்கு மட்டுமாவது சொல், இல்லாவிட்டால் உன்னை வைத்திருக்க முடியாது என்றார். அவள் சொல்லவில்லை. வேலை போயிற்று. 'கட்டுக்கதை நிருபர்' என்று அவள் படத்தைப் போட்டு அத்தானின் ஆட்கள் இணையத்தில் சுற்றவிட்டார்கள். அந்தப் படம் என் ஸ்டூடியோவில் நான் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சண்டைக்கு வரவில்லை, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் நான்தான்பா" என்றாள்.

அத்தானுக்குப் புரியவில்லை.

"நான்தான். கணக்கர்னு எழுதினது உங்களை. உங்க ஆளுங்க உங்களைக் கிண்டல் பண்ணக்கூடாதுன்னு எல்லாத்தையும் மாத்தி எழுதினேன். என் கதையை நானே இன்னொருத்தர் சொன்ன மாதிரி எழுதினது தப்புதான். அந்தத் தப்புக்கு வேலை போனது சரிதான். நான் அதைக் கேக்க வரல."

அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவள் அவர் பெயரை மூடினாள், அவர் அவள் பெயரை மூடினார். இரண்டுமே நல்லதென்று நினைத்துச் செய்தது. இதில் நான் யாரைத் திட்டுவது?

"பன்னெண்டாவது படிக்கறப்ப. பச்சை அட்டை. வேண்டாம்னு வாங்கி வெச்சீங்க. நாலு நாள் நடக்கப் போனீங்க" என்றாள். "அதுக்கப்புறம் எதுக்கு அழுதாலும் அதை நினைச்சுப்பேன்பா. அப்பா வெளியில அப்படித்தான், உள்ளுக்குள்ள எனக்கு இடம் விட்டிருக்கார்னு. தனியாப் போய் இருந்தப்பவும், அந்தப் பத்திரிகையில சேர்ந்தப்பவும், அந்தத் தைரியத்துலதான் இருந்தேன்." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இருந்தா கூட்டிட்டு வாங்கன்னு சொன்னீங்களே. அதனாலதான் வந்தேன். வேணும்னேதானேப்பா வெச்சுட்டுப் போனீங்க?"

அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்குச் சைகை காட்டினாள், சொல்லச் சொல்லு, சொல்லச் சொல்லு என்று. நான் அவர் காலை மிதித்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி, எங்கேயோ தேடினார். நிஜமாகவே தேடினார், பாவம். அந்த வருஷம் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார் என்பது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

"நடக்கப் போனது ஞாபகம் இருக்கும்மா" என்றார். "புத்தகம் ஞாபகமில்ல. மறந்து வெச்சிருப்பேனோ என்னமோ."

"வேணும்னே இல்லையா?"

"ஞாபகத்துல இல்லாததை ஆமான்னு எப்படிம்மா சொல்றது?"

அவள் தலையாட்டினாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அம்மா போட்டதை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வேறு ஊரில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னாள். அப்பாவிடமும் "வரேன்பா" என்றாள். ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் விடைபெறுகிற மாதிரி இருந்தது.

அன்று என் வாழ்நாளில் முதல்முறையாக அத்தானைத் திட்டினேன். "ஒரு பொய் சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா? ஊரையே திருத்தினீங்களே, பெத்த பொண்ணு முகத்தைப் படிக்கத் தெரியலையா? ஆமாம்மான்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை!" அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை என்னை வழக்கம்போல வரச் சொன்னார். மேசையில் பத்திரிகை இல்லை, ஸ்கேலும் இல்லை. சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கேமரா ஓடியதும் நேராகப் பார்த்துப் பேசினார்.

"போன வாரம் ஒரு செய்தியைக் கட்டுக்கதைன்னு சொன்னேன். அது தப்பு. அதை எழுதினது என் மகள். அந்த அப்பா நான். அந்தப் புத்தகத்தை நான் வேணும்னுதான் மேசையில வெச்சுட்டுப் போனேன். அவ படிக்கணும்னுதான் வெச்சேன். நாலு நாளும் அதுக்காகத்தான் வெளிய போனேன்." தொண்டையைச் செருமினார். "சத்தியமா."

அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். கீழே கருத்துகள் குவிந்தன. மகளைக் காப்பாற்றப் புளுகுகிறார் என்று பாதி, இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று பாதி. எவன் என்ன சொன்னால் எனக்கென்ன? மலையைப் பிளந்த சந்தோஷம் எனக்கு. தெருமுனைவரை நடந்துபோய் அவளுக்குப் போன் போட்டேன். அவள் பஸ்ஸில் இருந்தாள்.

"பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் மாமா."

"அப்புறம் என்ன! ஆயிரம் இருந்தாலும் அப்பா அப்பாதான். இறங்கித் திரும்பி வா."

பஸ் எங்கேயோ நின்று மறுபடி கிளம்புவது கேட்டது.

"மாமா," என்றாள், "அப்பா சத்தியமான்னு சொன்னார்." அதற்குப் பிறகுதான் அழுதாள். அது அவர் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுகிற சொல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெச்சிடறேன் மாமா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது அத்தான் பின்னறையிலேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் தொங்கிய போர்வையைக்கூட எடுக்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்.

"நம்பினாளாடா?"

"நம்பிட்டா அத்தான்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "சத்தியமா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.