காம்பில் ஒரு பள்ளம்

என் வீட்டுக்காரி தவறி ரெண்டு வருஷம் ஆகப்போவுது. தறிக்குப் பக்கத்து ஜன்னல்ல, ஊறுகாய் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஒரு மணிபிளான்ட் வெச்சிருந்தா. அதுக்குப் பக்கத்துல மருமக கொண்டாந்த இன்னொண்ணு. ரெண்டுலயும் வெத்தலை மாதிரி இலை, ஒரே பச்சை. அவ இருந்தவரைக்கும் எது எதுன்னு எனக்கு அக்கறை இல்ல.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்போ மருமக ரெண்டையும் ஒரே பக்கெட்டுல போட்டுடுச்சு. "மாமா, அத்தையோடது எதுன்னு தெரியலையே"ன்னு கையைப் பிசைஞ்சுக்கினு நின்னுது. எனக்குத் தெரியாதா? பிள்ளையார்பாளையத்துல சாயக்காரங்களே நிறம் சரியான்னு என்கிட்ட நூலைக் காட்டிட்டுத்தான் போவாங்க. ரெண்டையும் வாசல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, கொஞ்சம் வெளிறினதுதான் அவளோடதுன்னு அடிச்சுச் சொன்னேன். இன்னொண்ணை எதிர்வீட்டம்மா கேட்டுது, குடுத்துட்டோம்.

போன மாசம் எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கீழ காஞ்ச சருகு மாதிரி ரெண்டு கிடந்துது. குனிஞ்சு ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரியோட கொடி ஒவ்வொரு புது இலையையும் மெல்லிசா ஒரு உறைக்குள்ள வெச்சுத்தான் வெளிய விடும். இலை விரிஞ்சதும் அந்த உறை காஞ்சு, தறியில இழுத்துக் கட்டின பாவு நூல் மேல விழும். "உன் செடியை ஒழுங்கா இருக்கச் சொல்லுடி"ன்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன். பொங்கலுக்கு அப்புறம் பாவு மேல ஒண்ணுமே விழலை. அதைக்கூட கவனிக்காத ஜென்மம் நான்.

எதிர்வீட்டுக்குப் போய் இலைக்காம்பை விரல்ல உருட்டிப் பார்த்தேன். உருண்டையா, வழவழன்னு இருந்துது. திரும்பி வந்து எங்க வீட்டுதைத் தொட்டேன். காம்பு நெடுக ஒரு பள்ளம். முதல்லியே தொட்டுப் பார்த்திருந்தா ரெண்டும் வேற வேற ஜாதின்னாவது தெரிஞ்சிருக்கும். கண்ணை நம்பி மோசம் போனேன்.

எதிர்வீட்டம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "முழுசா எடுத்துக்கினு போங்கண்ணா"ன்னுது. ஜன்னல் கம்பியெல்லாம் சுத்திக்கினு அவ்வளவு செழிப்பா இருக்குது, பிடுங்க மனசு வரலை. ஒரு கணு மட்டும் கிள்ளிக்கினு வந்து பழைய பாட்டில்ல வெச்சேன். இன்னும் வேர் விடலை.

அவ இருந்தப்போ ஒருநாள்கூட அதுக்கு நான் தண்ணி மாத்தினதில்ல. சொல்லியிருந்தாலும், வேலை கிடக்குதுன்னு எரிஞ்சு விழுந்திருப்பேன். இப்போ எழுந்ததும் முதல் வேலை அதான். தினமும் மாத்தாதீங்க, வாரத்துக்கு ஒரு தடவை போதும்னு எதிர்வீட்டம்மா சொல்லுது. எனக்குப் போதலையேம்மா.